மனநோயும் பரம்பரையும்

சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு

 

இன்று பேச நாம் எடுத்துக்கொண்ட பொருள் மனநோயும் பரம்பரையும் என்பது. இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் இத்தகைய பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் வைத்தியரும் அல்லோம்; மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகக் கோப்புகளுக்கிடையே காலங் கழிப்பவரே. ஆயினும் இப்பொருள் வைத்தியர்க்கு மட்டும் உரியதன்று. காலனி வாழ்வில் ஒரு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வரன் பார்க்கத் தொடங்கினால், ஜாதகத்துக்கும் சம்பளத்துக்கும் அடுத்தபடியாகத் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: "அவர்கள் குடும்பத்தில் யாருக்கோ புத்தி சுவாதீனம் இல்லையாமே, மெய்தானா?" அக்கேள்வியால் நின்ற திருமணங்கள் பல. அதற்கு அஞ்சியே, நோயுற்ற மகனை ஊருக்கு அனுப்பிவிட்டு, "பாட்டிக்குத் துணையாக இருக்கிறான்" என்று சொல்லி வைக்கும் பெற்றோர் உளர். தங்கையின் கலியாணம் முடியட்டும் என்று தமையனின் வைத்தியத்தை இரண்டாண்டு, மூன்றாண்டு தள்ளிப்போடுவோரும் உளர். இந்த அச்சத்துக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்பதை அறிவுக்கண் கொண்டு ஆராய்வதே நம் நோக்கம்.

மனநோய் என்பது ஒரே நோயன்று. மனச்சோர்வு ஒன்று, எல்லை கடந்த கிளர்ச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ நோய் ஒன்று, மனச்சிதைவு நோய் மற்றொன்று. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தார் 2015-16இல் நம் நாட்டின் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோருள் 100க்கு 10.6 பேர் அச்சமயத்தில் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு இருந்ததாகக் கண்டது. ஆதலின் இது யாரோ சிலருடைய வீட்டு இரகசியம் அன்று. ஒவ்வொரு தெருவிலும் உள்ள செய்தி.

இவற்றுள் மனச்சிதைவு நோயைக் குறித்தே இன்று மிகுதியாகப் பேசுவோம். மக்கள் மிக அஞ்சுவது இதற்கே. பரம்பரை பற்றிய ஆராய்ச்சி மிகுந்திருப்பதும் இதில்தான். இல்லாத குரல்கள் காதில் கேட்டல், பிறர் தமக்குத் தீங்கு சூழ்வதாக அசையாது நம்புதல், எண்ணமும் பேச்சும் கோவையின்றிச் சிதறுதல், உற்றாரோடும் ஒட்டாது ஒதுங்குதல் ஆகியன இதன் குறிகள். பெரும்பாலும் 15 வயதிலிருந்து 30 வயதுக்குள் இது தலைகாட்டும். வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாவோர் ஏறத்தாழ 100க்கு ஒருவர்.

இந்நோய் எதனால் வருகிறது? பழங்காலத்தார் முன்வினை என்றனர், குலசாபம் என்றனர், செய்வினை என்றனர். படித்தவர் கூறிய விடையும் ஒரு காலத்தில் இதனினும் கருணை உடையதாக இல்லை. 1948இல் பிரீடா பிராம்-ரைக்மன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர், பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு சொல்லைப் பயன்படுத்தினார். அன்பற்ற, அதிகாரம் மிக்க தாயின் வளர்ப்பே நோய்க்குக் காரணம் என்னும் அக்கருத்து மேல்நாடுகளில் பல்லாண்டுகள் செல்வாக்குப் பெற்றிருந்தது. நோயுற்ற பிள்ளையைப் பெற்ற துயரம் போதாதென்று, அந்நோயைத் தந்தவளும் தானே என்ற பழியையும் எத்தனையோ தாய்மார் சுமந்தனர்.

இப்பழியைத் துடைத்தது பரம்பரை ஆராய்ச்சியே என்பதை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும். 1966இல் லெனார்டு ஹெஸ்டன் என்னும் மருத்துவர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் செய்த ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். மனச்சிதைவு நோயுற்ற தாய்மார்க்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேரை அவர் தேடிப்பிடித்தார். அவ்வாறே பிரிந்து வளர்ந்த, ஆனால் தாய்க்கு இந்நோய் இல்லாத 50 பேரையும் ஒப்புநோக்கினார். முதற் கூட்டத்தாருள் 5 பேர்க்கு மனச்சிதைவு வந்திருந்தது. இரண்டாம் கூட்டத்தாருள் ஒருவர்க்கும் இல்லை. தாயின் முகத்தையே அறியாத பிள்ளைக்குத் தாயின் வளர்ப்பால் நோய் வந்தது என்று எவரே கூற முடியும்? ஆகவே பரம்பரைக்குப் பங்குண்டு என்பது ஐயமற விளங்கிற்று. அதே கணக்கில் மற்றொன்றையும் காண்க. அந்த 47 பேருள் 42 பேர்க்கு இந்நோய் வரவில்லை.

அடுத்து இரட்டையர் பற்றிய செய்தி. இரட்டையர் இருவகையினர். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்போர் ஒருவகை. இவர்களுடைய பரம்பரைச் செல்வம் ஏறத்தாழ முற்றும் ஒன்றே. இரு தனிக் கருக்களாக உருவாகி ஒன்றாகப் பிறப்போர் மற்றொரு வகை. இவர்கள் ஏனைய உடன்பிறந்தாரைப் போன்றவரே. இலண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளுள் இரட்டையராய்ப் பிறந்தவரை 1948 முதல் பதிவேட்டில் குறித்து வந்தனர். அதனைக் கொண்டு காட்டஸ்மன், ஷீல்ட்ஸ் என்போர் ஆராய்ந்தனர். பிற நாடுகளிலும் இத்தகைய ஆராய்ச்சிகள் நடந்தன. ஒரு கரு இரட்டையருள் ஒருவர்க்கு மனச்சிதைவு வந்தால் மற்றவர்க்கும் வருவது ஏறத்தாழ 100க்கு 50 அல்லது அதற்குக் குறைவு. இரு கரு இரட்டையரில் இது அதனினும் மிகக் குறைவு. இவ்வேறுபாடே பரம்பரையின் வலிமைக்குச் சான்று. ஆனால் பரம்பரை ஒன்றே முழுக் காரணமாயின், ஒரு கரு இரட்டையரில் 100க்கு 100 பேர்க்கும் வந்திருத்தல் வேண்டுமன்றோ? பாதிப்பேர் தப்பியிருக்கின்றனர். பரம்பரை ஒரு சாய்வைத் தருகிறதேயன்றித் தீர்ப்பை எழுதிவிடுவதில்லை.

இனி, வரன் பார்ப்போர் அறிய விரும்பும் கணக்கைத் தெளிவாகவே கூறுவோம். பொதுமக்களில் 100க்கு ஒருவர் என்றோம். தந்தை, தாய் இருவருள் ஒருவர்க்கு மனச்சிதைவு இருப்பின், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 100க்கு 10. உடன்பிறந்தார் ஒருவர்க்கு இருப்பினும் ஏறத்தாழ அதே அளவுதான். சிற்றப்பன், மாமன், அத்தை போன்றோர்க்கு இருப்பின் 100க்கு 3 என்னும் அளவில் நின்றுவிடும். பத்து மடங்கு மிகுதி என்று கேட்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஆயின் 100க்கு 10 என்பதன் பொருள் 90 பேர்க்கு வருவதில்லை என்பதே. மறுபுறம், மனச்சிதைவு உற்றோருள் பெரும்பாலோரின் பெற்றோரிலோ உடன்பிறந்தாரிலோ ஒருவர்க்கும் அந்நோய் இருந்ததில்லை. நோயின் சுவடே இல்லாத குடும்பமாகத் தேடிச் சம்பந்தம் செய்தாலும் அது முழுக் காப்பு ஆகாது.

மனச்சிதைவு 100க்கு 80 பங்கு பரம்பரை என்று விஞ்ஞானிகள் கூறுவதாகப் பத்திரிகைகளில் சில வேளை காண்கிறோம். அதைப் படித்தவர், நோயாளியின் பிள்ளைக்கு 100க்கு 80 வாய்ப்பு என்று பொருள் கொண்டு கலங்குகின்றனர். அப்பொருள் தவறு. ஒரு மக்கள் கூட்டத்தில் சிலர்க்கு நோய் வருவதும் சிலர்க்கு வராததுமாகிய வேற்றுமையில் எவ்வளவு பங்கு பிறவிக் கூறுகளின் வேற்றுமையால் நேர்ந்தது என்பதே அந்த எண்ணின் பொருள். அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி மனிதரின் தலையெழுத்தைப் பற்றியதன்று. மனச்சோர்வு நோய்க்கு இந்த எண் 37 அளவே.

பிறவிக் கூறு என்றால் என்ன? நம் உயிரணுக்களுக்குள்ளே 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் அடங்கியுள்ளன. மனச்சிதைவுக்கு உரிய ஒரு தனி மரபணு எங்கோ ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று முன்னாளில் பலர் தேடினர். அது கிட்டவில்லை. 2014இல் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி, நோயுற்றோர் 36,989 பேரின் மரபுக் கூறுகளை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய 108 இடங்களைக் கண்டனர். 2022இல் நோயுற்றோர் 76,755 பேரையும் அல்லாதார் 243,649 பேரையும் ஒப்பிட்டபோது அவ்விடங்கள் 287 ஆயின. ஒவ்வோரிடத்தின் பங்கும் மிகச் சிறிது. இத்தகைய சிறு கூறுகளுட் பல, இந்த அவையில் அமர்ந்துள்ள நம் ஒவ்வொருவரிடத்தும் இருக்கின்றன. நோயாளி வேறு சாதி, நாம் வேறு சாதி என்பதில்லை. அவர் சுமப்பது சற்றுக் கூடுதல், நாம் சுமப்பது சற்றுக் குறைவு.

நம்மவர்க்குப் பழக்கமான உவமை ஒன்று கூறுவோம. சரக்கு வாகனின் பக்கத்தில் அது தாங்கும் பளு இத்தனை டன் என்று எழுதியிருக்கும். எந்த ஒரு மூட்டையும் தனியாக அந்த எல்லையைத் தாண்டச் செய்வதில்லை. பல மூட்டைகள் சேர்ந்தே செய்கின்றன. எல்லைக்குள் ஏற்றிய நிலக்கரி வாகனும் வழியில் பெருமழையில் நனைந்தால் பளு மிகுந்துவிடும். பிறவியில் வந்த பளு ஒன்று. வாழ்க்கையில் பெய்யும் மழை ஒன்று. இரண்டும் கூடியே எல்லை கடக்கிறது. சிலரிடம் மட்டும் ஒரே பெரும் பாறை ஏற்றினாற்போன்ற கூறு அமைவதுண்டு. 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமற் பிறப்போருள் ஏறத்தாழ நாலில் ஒருவர்க்கு மனச்சிதைவோ அதுபோன்ற நோயோ வருகிறது. ஆயின் அது அரிது.

அந்த மழை யாது? 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் முற்றுகையால் ஹாலந்தின் மேற்குப் பகுதி கொடும் பஞ்சத்தில் ஆழ்ந்தது. அப்பஞ்சத்தின் உச்சத்தில் கருவாகிப் பிறந்தோரிடை மனச்சிதைவு இருமடங்கு காணப்பட்டது. பேறுகாலத்தில் நேரும் இடர்கள், இளமையில் கஞ்சாப் பழக்கம், சிறுவயதில் பட்ட கொடுமைகள் முதலியனவும் நோய் வரும் வாய்ப்பை மிகுவிப்பனவாகக் கண்டுள்ளனர். பிறவிப் பளுவை நாம் இறக்கிவைக்க இயலாது. மழைக்குக் குடை பிடிக்க இயலும். கருவுற்ற பெண்ணுக்கு நல்லுணவும், வளரும் பிள்ளைக்கு அச்சமற்ற வீடும், கஞ்சாவின் பக்கம் போகாதே என்ற தெளிவான அறிவுரையும் அத்தகைய குடைகள். குடும்பத்தில் நோய் உள்ளது என்பதை மறைத்தால், எந்தப் பிள்ளைக்கு இவ்வெச்சரிக்கை மிகத் தேவையோ அப்பிள்ளைக்கே அது கிடைக்காமற் போகிறது.

பரம்பரையைத் தீர்ப்பாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்குச் சரித்திரம் ஒரு கொடிய சான்றை வைத்திருக்கிறது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ரூடின் என்பவர் 1916இல் மனச்சிதைவு நோயாளிகளின் உடன்பிறந்தாரைக் கணக்கெடுத்தார். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட எளிய விகிதங்களுக்கு அக்கணக்கு ஒத்துவரவில்லை. ஆயினும் ஹிட்லர் ஆட்சி 1933இல் இயற்றிய மலடாக்கும் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியோருள் அவரும் ஒருவரானார். அச்சட்டத்தால் ஏறத்தாழ 4 இலட்சம் பேர், மனநோயும் பிற குறைகளும் உடையோர், வலிந்து மலடாக்கப்பட்டனர். அதனோடும் நிற்கவில்லை. 1940 ஜனவரி முதல் 1941 ஆகஸ்ட் வரை ஏறத்தாழ 70,000 நோயாளிகளை நச்சுப்புகை அறைகளில் கொன்றனர்; பின்னரும் பட்டினியாலும் நஞ்சாலும் கொலைகள் தொடர்ந்தன. இத்தனை பாவமும் செய்து ஒரு தலைமுறை நோயாளிகளையே ஒழித்த பின், அந்நாட்டில் மனச்சிதைவு அருகிற்றா? இல்லை. போருக்குப் பின் எடுத்த கணக்குகளில் புதிதாக நோயுறுவோர் தொகை குறைந்திருக்கவில்லை. ஏனெனில் நோயின் சிறு கூறுகள் நோயாளிகளிடம் மட்டுமா இருந்தன? நலமாக இருந்த எல்லாரிடமும் அல்லவா பரவியிருந்தன!

அக்கொடுமை தூர தேசத்தது என்று நாம் மார்தட்ட இயலாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர், கொட்டகை தீப்பற்றியபோது ஓட வழியின்றி மாண்டனர். அவர்களும் ஏதோ ஒரு குடும்பத்தின் பிள்ளைகளே. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுதலையும், மனநோய்க்கு வைத்தியம் என்ற பெயரில் மலடாக்குதலையும் தடை செய்திருக்கிறது. சட்டம் சங்கிலியை அறுக்கும். நாவினால் இடும் சங்கிலியை நாமே அறுத்தல் வேண்டும்.

இக்காலத்தில் எச்சிலைச் சோதித்து வருங்கால நோய்களைக் கூறுவோம் என்று விளம்பரம் செய்வோரும் தோன்றியுள்ளனர். மனச்சிதைவு வருமா வராதா என்று ஒருவர்க்கு உறுதி கூறும் வல்லமை இன்றைய மரபணுக் கணக்குக்கு இல்லை. அக்கணக்கும் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரை ஆராய்ந்து செய்யப்பட்டதாகலின் நம்மவர்க்கு அது இன்னும் குறைவாகவே பொருந்தும். இக்குறையை நீக்கும் முயற்சிகளுள் ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது நமக்குப் பெருமை. டாக்டர் சாரதா மேனன் அவர்கள் 1984இல் சென்னையில் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனமும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆராய்ச்சியாளரும் சேர்ந்து நம் மக்களின் மரபுக் கூறுகளை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டனர். நயாசின் என்னும் பி3 வைட்டமினை உடல் கையாளும் முறைக்கும் இந்நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று அது சுட்டிற்று. ஆராய்ச்சி வளரட்டும், அதுவரை கலியாணத்துக்கு முன் எச்சிற் சோதனை என்னும் புது வழக்கம் நம்மிடையே புகாதிருக்கட்டும்.

பரம்பரை நோய் என்றால் தீராத நோய் என்ற மயக்கமும் ஒழிதல் வேண்டும். சர்க்கரை நோயும் குடும்பவழி வருவதே. "எங்கள் தகப்பனாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு" என்று பந்தியில் அமர்ந்து கூசாமற் கூறுகிறோம், மாத்திரை உண்கிறோம், வேலை பார்க்கிறோம். மனநோய்க்கும் மருந்துண்டு. இருதுருவ நோய்க்கு லிதியம் 1949 முதலும், மனச்சிதைவுக்குக் குளோர்புரோமசின் 1952 முதலும் வழக்கில் வந்தன. பின்னர்ப் பல மருந்துகள் தோன்றின. எவ்வளவு விரைவில் வைத்தியம் தொடங்குகிறதோ அவ்வளவு நலம். திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செயற்படுமாறு வைத்தியருக்கு அறிவுறுத்தினார். நோயாளியின் குலத்தைப் பழிக்குமாறு எங்கும் கூறவில்லை. ஆனால் முன்கூறிய தேசியக் கணக்கெடுப்பு, வெவ்வேறு மனநோய்களில் 100க்கு 70 முதல் 92 பேர் வரை வைத்தியமின்றி இருந்ததாகக் கூறுகிறது.

ஆதலின் பெற்றோர்க்கு நம் வேண்டுகோள் சில. பதினாறு, பதினெட்டு வயதுப் பிள்ளை உறக்கம் கெட்டு, நண்பரை விலக்கி, காரணமின்றி அஞ்சித் தனியே பேசத் தொடங்கினால், மந்திரவாதியைத் தேடிக் காலங் கடத்தற்க. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்க. மொழி தெரியாத ஊர் என்ற தயக்கம் வேண்டா. 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையில் 14416 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம். தாய்மார்களே, பிள்ளையின் நோய்க்கு நீங்கள் காரணர் அல்லீர். திருமணம் பேசுவோர், தமக்கு நோய் இருப்பின் அதை மறையாது உரைத்தல் கடன். மறைத்துச் செய்த திருமணத்தில் முதலில் கைவிடப்படுவது மாத்திரைதான், அடுத்தது மனிதர். ஆனால் அண்ணனுக்கு நோய் என்பதால் நலமுடன் இருக்கும் தங்கையை ஒதுக்குவோர் அறிவையும் இழக்கின்றனர், நல்ல மருமகளையும் இழக்கின்றனர். "வீட்டில் யாருக்கேனும் உண்டா" என்பதோடு நில்லாமல், "உண்டெனில் அவரை எப்படிக் கவனித்துக் கொள்கிறார்கள்" என்றும் கேளுங்கள். நோயுற்ற தமையனை அன்போடு பேணும் குடும்பத்தில் பெண் எடுப்பது நற்பேறேயாகும்.

இறுதியாக ஒன்று. 1932இல் ஓடகார்டு என்னும் நார்வே நாட்டு மருத்துவர், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறிய தம் நாட்டாரிடை மனச்சிதைவு, தாயகத்தில் இருந்தோரினும் மிகுதி எனக் கண்டார். பிற்காலத்தில் இங்கிலாந்திலும் ஹாலந்திலும் குடியேறினோரிடையும் அவ்வாறே கண்டனர். அதனோடு வேறொன்றும் கண்டனர். தம் இனத்தார் பலர் சேர்ந்து வாழும் பகுதியில் குடியிருந்தோர்க்கு அம்மிகுதி குறைந்தது. தனித்துச் சிதறி வாழ்ந்தோர்க்குக் கூடிற்று. அது கடல் கடந்து சென்றோரின் கணக்கு. நாமோ நம் நாட்டுக்குள்ளேயே இடம் பெயர்ந்தவர். எனினும் அதன் உட்பொருள் நமக்கும் பயன்படும். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடுவது வெறும் கொண்டாட்டமன்று. ஒருவர்க்கொருவர் தாங்கலாக நிற்பதுமாகும். விழாவுக்கு வாராத குடும்பம் எது, கதவு மூடிய வீடு எது என்று நம் சங்கத்தார் பார்த்தல் வேண்டும். அவ்வீட்டுக்குச் சென்று, வம்பு கேளாமல், "மருத்துவமனைக்குத் துணைக்கு வரட்டுமா?" என்று ஒருவர் கேட்பாராயின், அதுவே இச்சங்கம் செய்யும் மிகச் சிறந்த தொண்டு.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!